மிளகு ஊறிய தண்ணீர்

மிளகைக் கடித்தால் நாக்கு ஏன் எரிகிறது? 1676ஆம் ஆண்டு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் ஒருவர் இதற்கு விடை கண்டே தீர்வது என்று இறங்கினார். ஓராண்டு வினிகரில் ஊறக் கிடந்தாலும் மிளகின் காரம் குறைவதில்லை என்ற செய்தி அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. சுவை என்பது பொருளின் நுண்துகள்களுடைய வடிவத்தைப் பொறுத்தது, கூர்முனை உள்ள துகள் நாக்கைக் குத்தும், வழவழப்பானது குத்தாது என்று ஐரோப்பிய அறிஞர்கள் பலரும் நம்பிய காலம் அது. அந்த முனைகளை நேரில் பார்த்துவிடலாம் என்பது அவர் எண்ணம். முழு மிளகு ஏறக்குறைய பத்து கிராம் எடுத்து, தண்ணீரில் போட்டுத் தன் அறையில் வைத்தார். மிளகு ஊறி மெத்தென்று ஆக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். தண்ணீர் வற்றியபோது இரண்டு தடவை பனி உருகிய நீரை ஊற்றினார். மூன்று வாரம் போயிற்று. ஏப்ரல் 24ஆம் தேதி அதில் ஒரு துளி எடுத்து லென்ஸ் வழியாகப் பார்த்தார்.

கூர்முனை எதுவும் அகப்படவில்லை. தண்ணீர் முழுக்க உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. ஒரு வகை இல்லை, பல வகை. அவற்றில் மிகச் சிறியவற்றை நூறு எடுத்து நீளவாக்கில் வரிசையாக வைத்தாலும் ஒரு பருமணலின் நீளம் வராது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். அப்படியானால் பத்து லட்சம் சேர்ந்தால்கூட ஒரு மணலின் பருமன் ஆகாது. இன்று நாம் பாக்டீரியா என்று சொல்லும் உயிர்களைப் பற்றி மனிதர் எழுதிவைத்த முதல் குறிப்புகள் என்று இந்தக் கடிதத்தைத்தான் அறிவியல் வரலாற்றில் சொல்கிறார்கள்.

அவர் பெயர் ஆண்டனி வான் லீவன்ஹூக். பள்ளியில் எங்களுக்கு இவரைப் பற்றி இரண்டு வரி இருந்தது. துணி வியாபாரி, லென்ஸ் செய்தார், நுண்ணுயிர்களைக் கண்டார், அவ்வளவுதான். அதைப் படிக்கும்போது ஏதோ அதிர்ஷ்டக்காரர் கண்ணில் தற்செயலாகப் பட்டது போன்ற எண்ணமே வரும். அவர் கடிதங்களைப் பிறகு வாசித்தபோதுதான் இந்த இரண்டு வரி அவருக்குச் செய்த அநியாயம் புரிந்தது. பார்த்தது அவர் வேலையின் சிறு பகுதி. பார்த்ததை நம்பலாமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, அதற்காகப் பாத்திரமும் தண்ணீரும் நாள்கணக்குமாக அவர் செய்துவைத்த சோதனைகள்தான் பெரும் பகுதி. அதைத்தான் இங்கே எழுத ஆசைப்படுகிறேன்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1632இல் டெல்ஃப்ட்டில் பிறந்தார். பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஜவுளிக்காரரிடம் தொழில் பழகப் போனார். 1654இல் ஊர் திரும்பிச் சொந்தக் கடை போட்டார். 1660இல் நகர நிர்வாகத்தில் ஒரு சிறு உத்தியோகம் கிடைத்தது. நிலஅளவையாளர் தேர்விலும் தேறினார். பிற்பாடு ஊருக்கு வரும் ஒயின் பீப்பாய்களின் கொள்ளளவைக் கணக்கிடும் பொறுப்பும் அவரிடம் வந்தது. பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. அறிஞர்களின் மொழியான லத்தீன் தெரியாது, டச்சு மட்டும்தான். அதே ஊர் ஓவியர் வெர்மீர் 1675 டிசம்பரில் கடனோடு இறந்துபோனதால், 1676 செப்டம்பர் கடைசியில் அவர் சொத்தை நிர்வகிக்கும் வேலையை நகரம் இவரிடம் ஒப்படைத்தது. அதற்குப் பத்து நாளுக்குள், அக்டோபர் 9 தேதியிட்டு, மேலே சொன்ன கடிதத்தை லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு எழுதி முடித்திருக்கிறார். நிலம், பீப்பாய், கடன் கணக்கு என்று நாள் முழுதும் அளந்துகொண்டே இருந்த மனிதர். துளித் தண்ணீரைப் பார்த்தாலும் அளவுதான் அவருக்கு முதலில் தோன்றியிருக்கிறது.

அவருடைய கருவியைப் படத்தில் பார்த்தவர்கள் இதுவா நுண்ணோக்கி என்றுதான் கேட்பார்கள். குழாய் கிடையாது. விரல் நீளப் பித்தளைத் தகடுகள் இரண்டு, அவற்றுக்கு நடுவே ஒரு சின்னத் துளையில் குண்டூசித் தலை போன்ற ஒற்றைக் கண்ணாடி மணி. மறுபக்கம் ஓர் ஊசிமுனை, அதை நகர்த்தத் திருகாணி. பார்க்க வேண்டியதை ஊசிமுனையில் வைத்து, தகட்டைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்று 266 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. அவர் காலத்தில் பல லென்ஸ் அடுக்கிய பெரிய நுண்ணோக்கிகளும் இருந்தன. ஆனால் லென்ஸ் கூடக்கூட மங்கலும் நிறச் சிதறலும் கூடும். ஒற்றை மணியில் அந்தத் தொல்லை குறைவு. கண்ணுக்குத்தான் பெரும் சிரமம்.

ராபர்ட் ஹூக்குக்கு இது நன்றாகத் தெரியும். லண்டனில் ராயல் சொசைட்டிக்காகச் சோதனைகள் செய்துகாட்டும் வேலையில் இருந்தவர் அவர். 1665இல் வெளிவந்த அவருடைய ‘மைக்ரோகிராஃபியா’ நூலில்தான் தக்கைச் சீவலின் அறைகளை உலகம் முதலில் பார்த்தது. ஒரு கன அங்குலத் தக்கையில் நூற்று இருபத்தைந்து கோடிக்கு மேல் அறைகள் இருக்கும் என்று கணக்கும் போட்டிருந்தார். மடித்து வைத்த பெரிய தாளில் அதில் வரும் தெள்ளுப்பூச்சிப் படம் இன்றைக்கும் பார்ப்பவரை நிறுத்திவிடும். மெல்லிய கண்ணாடி இழையின் நுனியைத் தீயில் காட்டி உருக்கினால் மணி லென்ஸ் கிடைக்கும் என்ற செய்முறையும் அந்த நூலின் முன்னுரையிலேயே இருக்கிறது. கண் வலிக்கிறது என்பதால் ஹூக் அதைத் தான் அதிகம் பயன்படுத்தவில்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

மிளகுக்கு முந்தைய ஆண்டே லீவன்ஹூக் மழைத்தண்ணீரில் உயிர்களைப் பார்த்துவிட்டார். புதிய மண்பானை ஒன்றில் சில நாள் நின்ற மழைநீர் அது. பார்த்தவுடன் அவருக்கு வந்த கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: இவை வானத்திலிருந்து மழையோடு வந்தனவா, அல்லது தரையில் வந்து சேர்ந்தனவா? அக்காலத்தில் அழுகலிலிருந்து புழு தானாகவே பிறக்கிறது என்பது படித்தவர்களின் நம்பிக்கையும்கூட. இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ ரெடி 1668இல்தான் இறைச்சியைச் சில ஜாடிகளில் திறந்தும் சிலவற்றில் மூடியும் வைத்து, ஈ உட்கார்ந்தால்தான் புழு வருகிறது என்று காட்டியிருந்தார்.

லீவன்ஹூக் செய்தது இது. 1676 மே மாதம் பலத்த மழை. முதலில் ஓட்டுக் கூரையிலிருந்து ஈயத் தகட்டுக் குழாய் வழியாக இறங்கிய நீரைச் சுத்தமான கண்ணாடிக் கோப்பையில் பிடித்துப் பார்த்தார். சில உயிர்கள் தெரிந்தன. கூரையிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்திருக்கலாமே என்று நினைத்தார். ஆகவே ஒரு பெரிய பீங்கான் பாத்திரத்தைக் கழுவி, முற்றத்துக்கு நடுவே ஒன்றரை அடி உயர மரத்தொட்டியின் மேல் வைத்தார். தரையில் விழும் மழை மண்ணோடு தெறித்துப் பாத்திரத்துக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த உயரம். முதலில் சேர்ந்த நீரால் பாத்திரத்தை அலசிக் கொட்டினார். அதற்கு அப்புறம் விழுந்த மழையைத்தான் சோதனைக்கு எடுத்தார். உயிர் எதுவும் இல்லை. அந்த நீரை அப்படியே வைத்திருந்து அன்றாடம் பார்த்துவந்தார். சில நாள் கழித்து உயிர்கள் தென்பட்டன.

அந்த மரத்தொட்டிதான் என் கண்ணில் அவரை விஞ்ஞானி ஆக்குகிறது. லென்ஸ் அவரிடம் இருந்தது, கூர்மையான கண்ணும் இருந்தது. அவை மற்றவர்களிடமும் இருந்திருக்கலாம். நான் பார்த்தது வேறு எங்கிருந்தாவது வந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, சந்தேகப்பட்ட வழியை ஒன்றொன்றாக அடைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் வராது. இன்று ஆய்வகத்தில் ஒப்பீட்டுச் சோதனை என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் முழுதும் அந்த முற்றத்தில் நடந்திருக்கிறது, யாரும் சொல்லித்தராமல்.

மிளகையும் அவர் ஒரு தடவையோடு விடவில்லை. முழு மிளகு, இடித்த மிளகு, பிறகு இஞ்சி, கிராம்பு, ஜாதிக்காய் என்று ஒவ்வொன்றாக ஊறவைத்துப் பார்த்தார். கிணற்று நீர், ஆற்று நீர், கடல் நீர் எல்லாம் தனித்தனியே. டெல்ஃப்ட் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று இயங்கிய ஊர், நறுமணப் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. கொச்சியை 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த கம்பெனி, மலபார்க் கரையிலிருந்தும் சுமத்ரா, ஜாவா பக்கமிருந்தும் மிளகைக் கப்பல் கப்பலாக ஏற்றிக்கொண்டிருந்த காலம். நம் சமையலறைச் சரக்குகள் அவருடைய ஆய்வுச் சரக்குகளாக இருந்தன என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

மிளகில் ஏன் அவ்வளவு உயிர்கள் என்பதற்கு விடை இன்று எளிது. மிளகிலிருந்து கரைந்து வரும் சத்து பாக்டீரியாவுக்கு உணவு. அவை பெருகியதும் அவற்றைத் தின்னும் கொஞ்சம் பெரிய ஒற்றைச்செல் உயிர்கள் பெருகுகின்றன. காரம் தரும் பைப்பரின் தண்ணீரில் சரியாகக் கரையாது. அந்தப் பைப்பரினைப் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், 1819இல். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்று அடுத்த ஆண்டு கண்டறிந்தவரும் அவரேதான். லீவன்ஹூக்கின் கேள்வியில் ஒரு பாதிக்கு விடை வர நூற்று நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

லண்டனுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது. ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் அதைச் சுருக்கி மொழிபெயர்த்து 1677 மார்ச் மாதம் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். படித்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு துளியில் இத்தனை உயிரா? இதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரியாத ஊரில் தெரியாத ஒரு கடைக்காரர் எழுதுகிறார், கருவியை எப்படிச் செய்தேன் என்று சொல்லவும் மறுக்கிறார். எடுத்த எடுப்பில் ஏற்றுக்கொண்டிருந்தால்தான் அது தப்பு.

லீவன்ஹூக் சாட்சிகளைப் பிடித்தார். பாதிரிமார், நோட்டரி என்று ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள எட்டுப் பேரைக் கூப்பிட்டு, மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீரைக் காட்டி, கண்டதை எழுதி வாங்கி 1677 அக்டோபரில் அனுப்பினார். தினையளவு தண்ணீரில் பத்தாயிரம் இருக்கும் என்றார் ஒருவர். முப்பதாயிரம், நாற்பத்தைந்தாயிரம் என்றும் சொன்னார்கள். இங்கேயும் அவருடைய குணம் தெரிகிறது. மனத்தில் பட்ட எண்ணில் பாதியை மட்டும் எழுதித் தரும்படி அவர்களிடம் கேட்டுக்கொண்டாராம். உள்ளபடி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் சாட்சிக் கடிதத்தைவிட வலுவானது லண்டனில் நடந்தது. தாவர உடற்கூற்றியலுக்கு அடித்தளம் போட்ட நெஹமையா க்ரூவிடம் மிளகுத் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார்கள். அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஹூக்கிடம் வந்தது. நவம்பர் 1 கூட்டத்தில் அவர் காட்டியபோது எதுவும் அகப்படவில்லை. அடுத்த வாரமும் திருப்தி இல்லை. தண்ணீரில் மிளகு ஊற இன்னும் நாள் கொடுத்தார், நீரை மயிரிழைபோல் இழுத்த கண்ணாடிக் குழாய்களுக்குள் ஏற்றினார், இன்னும் நல்ல நுண்ணோக்கிக்கு மாறினார். நவம்பர் 15ஆம் தேதி தெரிந்தது. முட்டை வடிவக் குமிழிகள், பருத்த முனையை முன்னால் வைத்து இங்குமங்கும் நீந்தின. கட்டிடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் உட்படக் கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள். இனிச் சந்தேகம் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. 1680இல் லீவன்ஹூக்கைச் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஹூக்கின் அந்த மூன்று வாரங்களுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இடம் கொடுத்து நான் பார்த்ததில்லை. தனக்குத் தெரியவில்லை என்றதும் அவர் டெல்ஃப்ட்காரர் புளுகுகிறார் என்று முடித்திருக்கலாம். தன் செய்முறையில் குறை இருக்கலாம் என்று திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தார். ஒருவர் எழுதியதை வைத்து, கடலுக்கு அப்பால் இருக்கும் இன்னொருவர் அதே பொருளை ஊறவைத்து அதையே கண்டார் என்பது, கண்டுபிடிப்புக்குச் சற்றும் குறையாத பெரிய காரியம். மிளகு அதற்குத் தோதான பொருளாகவும் இருந்தது. எங்கும் ஒரே சரக்கு, விலைகொடுத்து வாங்கலாம், யாரும் ஊறவைக்கலாம்.

இதை நீங்களும் செய்து பார்க்கலாம் என்பதால் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி இருக்கிறது. மடித்துச் செய்வது, நடுவில் ஒரு சின்ன மணி லென்ஸ், 140 மடங்கு. வேலை செய்யும் விதத்தில் அது லீவன்ஹூக்கின் தகட்டுக்கு நேர் வாரிசு. மொட்டைமாடியில் பிடித்த மழைநீரில் மிளகைப் போட்டு வைத்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது வேண்டாம். நம் வெயிலுக்கு மூன்று வாரம் எல்லாம் தேவைப்படவில்லை. சில நாளிலேயே நீர் கலங்கி, மேலே மெல்லிய ஆடை படிந்து, ஒரு ஊசல் வாடை வந்துவிட்டது. அந்த ஆடைக்குப் பக்கத்திலிருந்து ஒரு துளி எடுங்கள். முதலில் வெறும் மங்கல்தான் தெரியும். தாளை மயிரிழை நகர்த்தினால் திடீரென்று ஒரு நீள்வட்டம் குறுக்கே ஓடும், பிறகு இன்னொன்று. அவற்றுக்குப் பின்னால் புள்ளி புள்ளியாக நடுங்கிக்கொண்டிருப்பவைதான் பாக்டீரியா. பக்கத்திலேயே மிளகு போடாத மழைநீரையும் ஒரு கிண்ணத்தில் வையுங்கள். அதைப் பார்க்காமல் இது முழுமையாகாது.

கண் எரிய எரிய அதை வைத்துப் பார்த்த பிறகு, இதே நிலையில் தொண்ணூறு வயது வரை உட்கார்ந்திருந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை இன்னும் கூடியது. தன் பல்லிடுக்கில் படிந்த வெள்ளைப் பசையை எடுத்துப் பார்த்து அதிலும் உயிர்களைக் கண்டார், 1683இல். வினிகரால் வாய் கொப்பளித்தால் அவை சாகின்றனவா என்றும் பார்த்தார். பசையின் மேலே இருப்பவை மட்டும் சாகின்றன, உள்ளே இருப்பவை பிழைக்கின்றன என்று எழுதினார். பல் மருத்துவர்கள் இன்றைக்கும் கறையைச் சுரண்டி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு மனத்தாங்கலும் உண்டு. சிறந்த லென்ஸ்களை எப்படிச் செய்தார் என்பதை அவர் யாருக்கும் சொல்லவே இல்லை. வந்தவர்களுக்குச் சாதாரணமானவற்றைக் காட்டி, நல்லவற்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். ரஷ்யப் பேரரசர் பீட்டர் வந்து விலாங்கின் வாலில் ரத்தம் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போனார், ஆனால் கற்றுக்கொண்டு தொடர ஒரு சீடர் உருவாகவில்லை. 1723இல் அவர் இறந்தார். ராயல் சொசைட்டிக்கு அவர் விட்டுச்சென்ற 26 வெள்ளி நுண்ணோக்கிகள் பிற்காலத்தில் காணாமல் போயின. மற்றவை 1747இல் ஏலத்தில் சிதறின. ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் 1830இல் நிறச்சிதறல் இல்லாத லென்ஸ் அமைப்புக்கு வழி காட்டும்வரை, நுண்ணுயிரியல் நூறாண்டுக்கு மேல் பெரும்பாலும் தேங்கிக் கிடந்தது. காய்ச்சலும் சீழும் கிருமியால் வருகின்றன என்பது புரிய அதற்குப் பின்னும் பிரான்சின் லூயி பாஸ்டரும் ஜெர்மனியின் ராபர்ட் கோக்கும் வர வேண்டியிருந்தது. அந்த ரகசியம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதுவும் ஒரு காரணம். 2021இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உட்ரெக்ட் நுண்ணோக்கியைப் பிரிக்காமலே நியூட்ரான் கதிரால் ஊடுருவிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது கண்ணாடி இழையை உருக்கிச் செய்த மணி. ஹூக் 1665இலேயே அச்சிட்டுக் கொடுத்த அதே வகைச் செய்முறை!

அவர் மறைத்த ஒன்றைச் சொன்னேன். மறைக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு அவருடைய சோதனைகளிலேயே அதிகம் பிடித்தது அதுதான். 1680 ஜூன் கடிதத்தில் வருகிறது. இரண்டு கண்ணாடிக் குழாய்களில் இடித்த மிளகும் சுத்தமான மழைநீரும் எடுத்துக்கொண்டார். ஒன்றின் வாயைத் தீயில் உருக்கி முழுதாக மூடினார், மற்றொன்றில் சிறு துளை விட்டார். காற்று இல்லாமல் உயிர் வாழாது என்பதே அன்றைக்கு அறிஞர் மத்தியில் பொதுக் கருத்து. காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் கூண்டில் பறவையும் எலியும் சாவதை ராபர்ட் பாயில் காட்டி இருபது ஆண்டு ஆகியிருந்தது. துளை விட்ட குழாயில் மூன்றாம் நாள் உயிர்கள் தென்பட்டன. மூடியதை ஐந்தாம் நாள் உடைத்தார். உள்ளே அடைபட்டிருந்த காற்று நீரை வேகமாக வெளியே தள்ளியது. அந்த நீரிலும் உயிர்கள் இருந்தன, அதுவும் மற்ற குழாயில் உள்ளவற்றைவிடப் பெரியவையாக. எல்லோரும் நம்பியதற்கு நேர் எதிரான முடிவு. அதைக் கண்டபடியே எழுதி அனுப்பிவிட்டார், விளக்கம் சொல்ல முயலவில்லை.

காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் உண்டு என்று பாஸ்டர் காட்டியது 1861இல். அதற்கும் ஐம்பது ஆண்டு கழித்து, 1913இல், டெல்ஃப்ட்டில் பேராசிரியராக இருந்த மார்ட்டினஸ் பைஜெரிங்க் அந்தப் பழைய கடிதத்தில் எழுதியிருந்தபடியே மிளகை இடித்து, மழைநீர் சேர்த்து, குழாயை மூடி வைத்துப் பார்த்தார். ஆக்ஸிஜன் தேவைப்படாத பாக்டீரியா உள்ளே வளர்ந்திருந்தது, அது உண்டாக்கிய வாயுதான் நீரைப் பீறிடச் செய்தது.